சிங்கப்பூர் பதிவேட்டில் என் நண்டு வண்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு ஆட்களின் விரலைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், அவற்றுக்கு முதன்முதலில் இரும்பு மூடி செய்து போட்டவன் நான். எண்ணூரில் உப்புக்காற்று அரித்துத் தொங்கிய ஏணிகளை, தொழிற்சாலையை ஒரு நாள்கூட நிறுத்தாமல் மாற்றிக் கொடுத்தேன். தண்டையார்பேட்டையில் என் பட்டறைக் கூரை புயலில் பறந்து அடுத்த தெருவில் போய் விழுந்தது. மறுநாள் காலை தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வெல்டிங் போட்டேன். மின்சாரம் வரவில்லை என்று எல்லோரும் சீட்டு விளையாடிய மத்தியானங்களில் நான் கையாலேயே அரம் போட்டு இரும்புக் கேட்டு செய்து முடித்திருக்கிறேன். ராயபுரத்தில் இன்றைக்கும் கிறீச் என்று சத்தம் போடாமல் திறக்கிற கேட்டு ஏதாவது இருந்தால், அது என்னுடையதாக இருக்கும்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் செய்ததிலேயே பெரியது நண்டு வண்டி.

எண்ணெய் பீப்பாய் ஒன்று நிறைந்திருந்தால் இருநூறு கிலோ. நான்கு பேர் சேர்ந்து உருட்டுவார்கள், கால் நசுங்கும். நான் இரண்டு பைப்பை நண்டுக் கொடுக்கு மாதிரி வளைத்து, கீழே இரண்டு சக்கரம் வைத்தேன். கொடுக்கு பீப்பாயின் கழுத்தைக் கவ்வும். ஒரே ஆள் சாய்த்து இழுத்துக்கொண்டு போகலாம். மணலி, திருவொற்றியூர், துறைமுகம் என்று எல்லாக் கிடங்கிலும் அது ஓடியது. எங்கள் சந்தில் யாரும் காகிதத்தில் படம் போட மாட்டோம். தரையில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போடுவோம். வளைத்த பைப்பை அதன்மேல் வைத்துப் பார்ப்போம். சரியாக உட்கார்ந்தால் கோட்டைப் பெருக்கித் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம்.

அப்போது என் பட்டறையில் இருந்தவன் தனசேகரன். என் மனைவி சரசுவின் தம்பி. ஐ.டி.ஐ. படித்தவன். என் சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் வரைந்து வைத்துக்கொள்வான். "எதுக்குடா?" என்றால், "சும்மா மாமா" என்பான். அப்புறம் சிங்கப்பூருக்குப் போய்விட்டான்.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, என் வண்டிகளை வாங்கி ஏற்றுமதி செய்யும் வண்ணாரப்பேட்டை காதர் பாய் பட்டறைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, எகிப்துல உன் வண்டிய எறக்க வுட மாட்டேன்றான்."

"இன்னா பாய், வெல்டிங் வுட்டுப்போச்சா?"

"வெல்டிங்லாம் ஷோக்காத்தான் கீது. அந்த வடிவம் வேற ஒருத்தர் பேர்ல பதிவாயிருக்காம். சிங்கப்பூர்ல ஒரே மனு குடுத்து எகிப்து, துருக்கி, ஸ்பெயினு எல்லாத்துலயும் புடிச்சி வச்சிக்கீறாங்கோ."

"யாரு பாய்?"

பாய் கூரையைப் பார்த்தார். "உன் மச்சான்தான்ணே."

பட்டறைக்காரர் சங்க மலருக்கு வெளிநாட்டுப் பயணம் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் சிங்கப்பூர் போனால் பூங்கா பார்ப்பார்கள், பறவை பார்ப்பார்கள். நான் போனது ஒரு கட்டத்துக்குள் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்க.

முதல் நாள்.

சரசுவிடம் காரணத்தைச் சொல்லவில்லை. தம்பி ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வஞ்சிரம் கருவாட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக்கில் கட்டி, என் சட்டைகளுக்கு நடுவே வைத்தாள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த மலாய்க்காரப் பெண் அதிகாரி ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ சொல்லிச் சிரித்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த தமிழ்க்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "எங்க அம்மா சமையல்கட்டு இப்படியே பறந்து வந்துட்டதுன்னு சொல்றாங்க. போங்கய்யா, விட்டுட்டாங்க."

தனசேகரன் வேன் கொண்டுவந்திருந்தான். வெள்ளை வேன். அதன் பக்கவாட்டில் பெரிதாக, மஞ்சள் வண்ணத்தில், என் நண்டு வண்டி.

"இன்னா மாமா, இப்டி எளச்சிக்கீற? அக்கா சோறு போடறதில்லியா?"

"போடுது, போடுது" என்றேன். கண் அந்தப் படத்தைவிட்டு நகரவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் மூக்கோடு மூக்கு இடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இங்கே அதே லாரி, அதே கண்டெய்னர், ஹாரன் அடிக்காமல் வரிசையாகப் போகிறது. ஓரத்தில் புல் வெட்டியிருக்கிறார்கள். ஏதாவது ஒரு குறை சொல்லியாக வேண்டும் என்று வழியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. "காத்துல உப்பே இல்லியே மச்சான்" என்றேன் கடைசியில். அவன் சிரித்தான்.

வீடு பதினோராவது மாடி. அவன் மனைவி மல்லிகா மீன்தலைக் குழம்பு வைத்திருந்தாள். "இன்னும் ஒரு கரண்டி ஊத்தறேன்ணே" என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஐஸில் கிடந்த மீன்தான். ஆனால் குழம்பு நன்றாக இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குப் போன் போட்டு சரசுவிடம் சொல்வார்கள், அவள் ஒரு வாரம் அதையே பேசுவாள்.

கை கழுவத் திரும்பியபோது சுவரில் சட்டம் போட்ட ஒரு காகிதம். இங்கிலீஷ் எழுத்து. எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரியும். கோடு கோடாக என் வண்டி.

"இது இன்னா மச்சான்?"

"அதுவா... கம்பெனி பேப்பரு மாமா. மோர் ஊத்திக்க."

அன்றைக்கு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மெத்தை நல்ல மெத்தைதான். அதுவும் ஒரு கடுப்பு.

இரண்டாம் நாள்.

தமிழ்க் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். பையில் காதர் பாய் எழுதிக் கொடுத்த விலாசம்: இப்படிப்பட்ட பதிவுகளைக் கவனிக்கும் வாசுகி என்ற வழக்கறிஞருடையது. ரயிலில் ஏறினேன். எதிர்ப்பக்கம் போகிற ரயில். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஒரு சீனக் கிழவரும் அவர் மனைவியும் திரும்பி வந்து என் கையிலிருந்த காகிதத்தை வாங்கிப் பார்த்து, எதிர் நடைமேடைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். எத்தனை நிலையம் என்று விரலை மடக்கிக் காட்டினார் கிழவர். பிறகு மனைவியிடம் பெருமையாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற மன்னார்குடிக்காரர், கட்டட வேலை பார்ப்பவர், சீனம் கொஞ்சம் தெரிந்தவர், எனக்குச் சொன்னார்: "வழி தெரியாம நிக்கிறவன் நான் ஒருத்தன் மட்டும் இல்ல, இனிமே என்னைய ஏசாதேன்னு சொல்றாரு."

வாசுகி அம்மாவுக்கு என் மகள் வயதிருக்கும். நல்ல தமிழ் பேசினார். காப்பி வரவழைத்தார், பாலுக்குப் பதில் டின்னில் இருக்கிற கெட்டிப்பாலை ஊற்றித் தருகிறார்கள், நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. கம்ப்யூட்டரைத் தட்டினார். நாலைந்து தாள் வந்தது. முன்பக்கம், பின்பக்கம், இடது, வலது, மேலே, கீழே என்று ஆறு படம். என் வண்டியை அத்தனை பக்கத்திலிருந்தும் நான்கூடப் பார்த்ததில்லை.

"இதுதான் உரிமையாளர் பெயர் ஐயா, தனசேகரன் கம்பெனி. இந்தக் கட்டம் வடிவமைத்தவர் பெயர். அதிலும் தனசேகரன்."

"அவன் வளைக்கவே இல்லம்மா. ஆபீஸ்ல இதெல்லாம் பாக்க மாட்டாங்களா?"

"வடிவப் பதிவில் மனு ஒழுங்காக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இது உண்மையில் புதிதா, யார் செய்தது என்றெல்லாம் தேடிப் போக மாட்டார்கள். யாராவது ஆதாரத்தோடு எதிர்த்துக் கேட்டால், அப்போது மறுபடியும் எடுத்து ஆராய்வார்கள். உங்களிடம் காகிதம் ஏதாவது இருக்கிறதா? நீங்கள் வரைந்த படம்?"

"தரையில போட்டேன். பெருக்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது.

நான் தாள்களை மறுபடி பார்த்தேன். இடதுபக்கப் படம். கொடுக்கின் மேல் வளைவில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தட்டை. தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

"அம்மா, இத்த பாருங்கோ!"

விஷயம் இதுதான். நான் பைப் வளைக்கிற உருளை, காசிமேட்டில் உடைத்த ஒரு விசைப்படகின் கப்பி. ஒரு பக்கம் தேய்ந்துபோனது. அதில் வளைத்தால் இடது கொடுக்கில் அந்த இடம் லேசாக நசுங்கும். என் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு வண்டியிலும் அந்தத் தழும்பு உண்டு. அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது, குறை அது. தனசேகரன் வரைந்த தாளில் அதுவும் ஏறி, மனுவோடு போய், எகிப்து, துருக்கி, ஸ்பெயின் வரைக்கும் பதிவாகிவிட்டது! திருடினவன் வீட்டுக்காரனின் இருமலையும் சேர்த்துத் திருடிக்கொண்டு போன மாதிரி.

வாசுகி அம்மா அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார். "இது அவர் உங்கள் வண்டியைப் பார்த்து வரைந்ததைக் காட்டும். ஆனால் எப்போது பார்த்தார் என்று காட்ட வேண்டும். தேதி வேண்டும்."

அப்போதுதான் நான் பையிலிருந்து தினசரி காலண்டரின் அட்டையை எடுத்தேன். சுனாமிக்கு முந்தின வருஷத்தது. ஆயுத பூஜையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, வண்டியை நடுவில் நிறுத்தி நான் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோ. கீழே பட்டறைப் பெயர். கடைகடையாய், கிடங்கு கிடங்காய் நானே போய்க் கொடுத்தேன். மூலக்கொத்தளத்திலிருந்து புழல் வரைக்கும் அது தொங்காத சுவர் இல்லை.

அவர் காலண்டரை வெகுநேரம் பார்த்தார். தழும்பும் தெரிந்தது, வருஷமும் தெரிந்தது.

"ஐயா, இது ரொம்பப் பலமான ஆதாரம். இதைக் கொடுத்தால் சிங்கப்பூரில் அவருடைய பதிவு நிற்பது கஷ்டம்."

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன்.

"ஆனால் ஒன்று. பதிவு விழுந்தால் அது உங்களுக்கு வராது."

"ஏன் வராது? என்னுதும்மா அது!"

"மனு கொடுப்பதற்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்துவிட்ட வடிவம் புதியது இல்லை. இந்தக் காலண்டரைத்தான் நீங்களே ஊரெல்லாம் கொடுத்துவிட்டீர்களே. அவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். எகிப்திலும் துருக்கியிலும் தனித்தனியாகப் போய் எதிர்க்க வேண்டும், அது வேறு வேலை."

பெருமைக்காக அடித்த காலண்டர். அதுவே என் கையை வெட்டும் என்று யார் கண்டது?

இருந்தாலும் மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எனக்கு இல்லாவிட்டால் போகட்டும். அவன் சுவரிலிருந்து அந்தச் சட்டம் இறங்குமே! நீக்கக் கோரும் மனுவைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்து, வாழை இலையில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள்.

"ஷெட்டைப் பாக்க வரியா மாமா?" என்று அவனே கூப்பிட்டான். ஊரின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டி. போகிற வழியில் பெட்ரோல் நெடி அடித்தது. முதன்முறையாக எங்கள் மணலி எண்ணெய் ஆலை ஞாபகம் வந்து கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. உயரமான கூரை. பெரிய பெரிய மின்விசிறி. ஆட்கள் கையுறை போட்டிருக்கிறார்கள், காலில் பூட்ஸ். என் பட்டறையில் ரப்பர் செருப்போடு வெல்டிங் அடிக்கிறோம். ஒரு ஓரத்தில் மஞ்சள் நண்டு வண்டிகள் வரிசையாக நின்றன, கைப்பிடியில் கறுப்பு ரப்பர், கீழே பீப்பாய் உட்கார ஒரு சின்னப் படி. அந்தப் படி எனக்குத் தோன்றாதது. நல்ல யோசனை.

இடது கொடுக்கைத் தடவிப் பார்த்தேன். தழும்பு இருந்தது. புது இரும்பில், புது மெஷினில் செய்த தழும்பு.

"மச்சான், இத்த எப்டி பண்றீங்கோ?"

"அதுக்குன்னு தனியா ஒரு அச்சு கீது மாமா. வளைச்சதுக்கு அப்பால அதுல வச்சி ஒரு அமுக்கு."

"எதுக்கு அமுக்கற?"

அவன் யோசித்தான். "ஒரிஜினல்ல இருந்துச்சே."

"யாரோட ஒரிஜினலு?"

நான் கப்பியைப் பற்றிச் சொன்னேன். தேய்ந்த பக்கம், நசுங்குகிற இடம், எல்லாம். அவன் முகம் மாறியது. அது ஒரு குறை என்று அவனுக்கு இத்தனை வருஷமும் தெரியாது. பலத்துக்காக நான் செய்தது என்று நினைத்து, அதற்காக ஒரு மெஷினே வாங்கியிருக்கிறான்.

"அய்யே! அப்போ இது தேவையே இல்லியா?"

"தேவையில்ல. என் கப்பி கலீஜு. அவ்ளோதான்."

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், "வடிவம் போட்டவன்னு எப்டிடா உன் பேர எழுதின?" என்று கேட்டேன்.

"உனக்கு எப்டி தெரியும்?"

"வக்கீலம்மா காட்டிச்சி. ஆறு பக்கமும் பாத்தேன்."

அவன் ஒரு வண்டியின் மேல் உட்கார்ந்தான். "மாமா, நீ வளைச்ச, ஒத்துக்கறேன். ஆனா அத்த அப்டியே வுட்டியே. பேப்பர்ல போட்டது யாரு? படி வச்சது யாரு? பேங்க்காரன் காலப் புடிச்சி, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சி, அந்த மனுவக் குடுத்தது யாரு? நம்ம ஊர்ல குடுத்தியா நீ? ஒரு காலண்டர் அடிச்ச. மாலை போட்டுக்கினு நின்ன."

"மாலை வண்டிக்குப் போட்டது."

"ரெண்டுத்துக்கும் போட்டாங்கோ, நான்தான் வாங்கிக்கினு வந்தேன்."

அது உண்மை. நான் மறந்துவிட்டேன்.

"அந்தக் காலண்டர ஆபீஸ்ல குடுத்தா உன் பதிவு காலி மச்சான். தெர்யுமா?"

"குடு" என்றான். "குடுத்துட்டு அக்காகிட்ட நீயே சொல்லு. சைனாக்காரன் நாளைக்கே இதே மாதிரி ஆயிரம் அடிச்சி எறக்குவான். உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ஜாலியா இரு."

வேனில் திரும்பினோம். நடுவில் நிறுத்தி, ஒரு கடையில் இரண்டு தோசை வாங்கிக் கொடுத்தான். சட்னி இனித்தது. அதைக்கூட நான் சொல்லவில்லை.

நான்காம் நாள்.

வாசுகி அம்மா மனுவை மேஜைமேல் வைத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி. பேனாவை எடுத்தேன். எடுத்தவன் கேட்டேன்: "இது ஜெயிச்சா, பதிவேட்டுல இன்னா எழுதுவாங்கோ?"

"நீக்கப்பட்டது என்று எழுதுவார்கள்."

"வடிவம் போட்டவன் பேரு?"

"பதிவே இல்லையே ஐயா. அந்தக் கட்டமும் இருக்காது."

பேனாவைக் கீழே வைத்தேன். நான் இவ்வளவு தூரம் பறந்து வந்தது அந்தக் கட்டத்துக்காக. அவன் பெயரை அடிப்பதற்காகக் கட்டத்தையே உடைத்தால், உலகத்தில் எந்த ஊர்ப் புத்தகத்திலும் ஏகாம்பரம் என்ற என் பெயரை எழுத இடமிருக்காது. எவனோ அச்சில் அமுக்குவான், எவனோ விற்பான், யார் யோசனை என்று கேட்க ஆளிருக்காது. அவன் பெயர் இருப்பது எனக்கு எரிகிறது. யார் பெயரும் இல்லாமல் போவது அதைவிட எரிகிறது.

"அந்தக் கட்டத்துல மட்டும் பேர மாத்த வழி இருக்குதாம்மா?"

"உரிமையாளரே, 'பிழையாக எழுதிவிட்டேன், திருத்துங்கள்' என்று கேட்கலாம். ஏற்பதும் ஏற்காததும் பதிவகத்தின் கையில். ஆனால் அவர் கேட்க வேண்டும். நீங்கள் கேட்க முடியாது."

மனுவில் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்கே ஊர் திரும்ப விமான நிலையத்துக்கு வந்தபோது, அந்தக் கட்டத்தில் என் பெயரைப் போட்டுத் திருத்தும்படி தனசேகரனிடம் சொன்னேன். அவன் பெட்டியை இறக்கிக்கொண்டே, "உதவினு போடறேன் மாமா. உதவி, ஏகாம்பரம்" என்றான்.

"உதவியா? யாருக்கு யாருடா உதவி?"

"சரி வுடு. ஊருக்குப் போய்ச் சேரு. பேசலாம்" என்றான். மல்லிகா கொடுத்தனுப்பிய பிஸ்கட் டப்பாவை என் கையில் திணித்தான். வேனைத் திருப்பிக்கொண்டு போனான். பக்கவாட்டில் என் வண்டி, வெயிலில் பளபளவென்று.

அதற்குப் பிறகு பலமுறை போனில் பேசினோம். கோயில், கல்யாணம், கருவாடு எல்லாம் பேசினான். இதைப் பேசவில்லை. சரசுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆம்பளைங்கதானே, யாரு பேரு இருந்தா இன்னா?" என்றாள். தன் பெயர் ரேஷன் கார்டில் தப்பாக இருந்தபோது நான்கு தடவை ஆபீசுக்கு நடந்தவள் அவள். அதை ஞாபகப்படுத்தினேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன். தனசேகரா, உனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படி நீ வைத்தது. ரப்பர் நீ போட்டது. மனு நீ கொடுத்தது. இத்தனை பேருக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறேன். உரிமையாளர் என்ற இடத்தில் உன் பெயரே இருக்கட்டும், நான் தொட மாட்டேன். மஞ்சள் வண்டி எத்தனை விற்றாலும் கணக்குக் கேட்க மாட்டேன். ஆனால் கொடுக்கு என்னுடையது. அந்த வளைவு என் மண்டையில் வந்து, என் தரையில் கோடாகி, என் கையில் பைப்பானது. உதவி என்று எழுதாதே, ஓரத்தில் எழுதாதே, நன்றி என்று எழுதாதே. வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் எழுது: க. ஏகாம்பரம், தண்டையார்பேட்டை. பிழை திருத்தம் என்று நீயே கேள். பிழைதான் அது.